வாடாத சனிக்கிழமை

கரட்டுவலசு உழவர் சந்தைக்கு அந்தச் சனிக்கிழமை முதலில் வந்து சேர்ந்தது ஒரு சாம்பல் பூசணி. நுழைவாசலுக்கு நேரே, அன்றைய விலையைச் சாக்கட்டியால் எழுதிவைக்கும் கரும்பலகைக்குக் கீழே இருக்கிற சிமெண்டு மேடையில், படுத்திருக்கும் கன்றுக்குட்டி அளவுக்குப் பெரிதாக, மேலெல்லாம் திருநீறு பூசியதுபோல் வெளுத்து, காம்பில் பச்சை காயாமல் அது உட்கார்ந்திருந்தது. கதவைத் திறந்த காவலாளி யாரோ விவசாயி இறக்கிவிட்டுப் போனதாக நினைத்தார், மினி பஸ்ஸில் மூட்டைகளோடு வந்து இறங்கிய விவசாயிகள் காவலாளி வைத்ததாக நினைத்தார்கள், கடைசியாக வந்த சந்தை ஆபீசர் திருஷ்டிக்குக் கட்ட யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள், அவர்களே எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டு விலை எழுதப் போனார். இப்படி எல்லாரும் அதை இன்னொருத்தருடையது என்று நம்பியதால் அது அங்கேயே இருந்தது.

துளசிமணிக்கு அன்றைக்குச் சந்தைக்கு வரவே மனசில்லை. மகள் மேனகா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்து, இன்றோ நாளையோ என்று இருந்தாள். மருமகன் தினகரன் திருப்பூர் பனியன் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்து துணைக்கு இருந்தான். ஆனால் முந்தின சாயங்காலமே அறுத்துக் கட்டிவைத்த கீரைக்கு யாருடைய பிரசவமும் தெரியாது. விடிந்தால் வாடும், வெயில் ஏறினால் துவளும், மதியமானால் மாட்டுக்குத்தான் ஆகும். புருசன் போனபிறகு ஒண்டியாளாகக் கிணற்றுத் தண்ணீரில் கீரை போட்டு, அந்தக் கீரையை வெயில் முந்துவதற்குள் விற்று, அப்படியே மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவள் அவள். அதனால் "வெயிலுக்கு முன்னால தள்ளிட்டு ஓடியாந்தர்றன் சாமி" என்று மேனகாவிடம் சொல்லிவிட்டு, ஈரச் சாக்கில் சுற்றிய கட்டுகளோடு முதல் பஸ் ஏறி வந்தாள்.

பக்கத்துக் கடை தண்டபாணியுடையது. தக்காளிக்காரன். தக்காளி விலையில்லாமல் போகிற மாதங்களில் கூடை கூடையாக ரோட்டோரம் கொட்டிவிட்டு, வெறும் பெட்டிகளை மொபெட்டில் கட்டிக்கொண்டு தலை நிமிராமல் வீட்டுக்குப் போகிற மனுசன். துளசிமணியை அக்கா என்று கூப்பிடுவான். அவன் மனைவி வசந்தாமணியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். அவள் வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஊரும் உறவும் காத்திருந்தன.

"ஏந்தம்பி, வசந்தா எப்படி இருக்கறா?"

"ராத்திரியெல்லாம் மூச்சு வாங்குச்சுங்கக்கா. ஒறம்பரை சனத்துக்கெல்லாம் சொல்லியுட்டாச்சு. நீ இங்க உக்காந்து அவ மூஞ்சியவே பாத்துட்டு இருந்து என்ன பண்ணப்போறே, பழத்தையாவது தள்ளிட்டு வான்னு எங்க மாமியாரு தாட்டியுட்டுட்டாங்க" என்றவன், தக்காளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கத் தொடங்கினான்.

வெயில் ஏறியது. வழக்கமாகத் துளசிமணி சொம்பிலிருந்து கையில் அள்ளித் தெளித்துக்கொண்டே இருக்கவேண்டிய நேரம். அவள் தெளிக்கவில்லை, ஏனென்றால் தேவைப்படவில்லை. அரைக்கீரையும் சிறுகீரையும் மணத்தக்காளியும் அறுத்த நிமிசத்தில் இருந்ததுபோலவே விறைப்பாக நின்றன. ஈரச் சாக்கின் நீர் ஒவ்வோர் இலையிலும் அப்படியே உருண்டு நின்றது, விரலால் தட்டினால் உருண்டு ஓடி இன்னோர் இலையில் போய் நின்றது. தண்டபாணியின் தக்காளிகளில் அடிப்பெட்டியில் நசுங்கியவைகூட ஒழுகவில்லை. கொத்தமல்லிக்கட்டு தலை சாயவில்லை, முருங்கைக்காய் முறுக்கு விடவில்லை, வாழைத்தாரில் காய் காயாகவும் பழம் பழமாகவும் இருந்தன, வாசலில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தவளின் மல்லிகை மொட்டுகள் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. இதைப் பார்த்து யாரும் வாயில் கைவைத்துக்கொண்டு நிற்கவில்லை. கீரை வாங்க வந்த ஓர் அம்மாள் கட்டை மூக்கருகே கொண்டுபோய், "இன்னைக்கு எல்லாருமே நல்ல சரக்கா கொண்டாந்திருக்கறீங்க" என்று சொல்லி, இரண்டு கட்டு சேர்த்தே வாங்கிப் போனாள்.

மதியத்துக்கு முன்னாலேயே சந்தைக்குள் ஒரு முடிவு தானாக உருவாகிவிட்டது. யார் முதலில் சொன்னது என்று தெரியாது, ஆனால் எல்லார் கண்ணும் மேடைப் பக்கம் திரும்பியது. ஒருத்தி போய்ப் பூசணிக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். இன்னொருத்தர் சூடம் கொளுத்தினார். பூக்காரி, விற்காத மொட்டுச் சரத்தை அதன் காம்பில் சுற்றினாள். அது ஏன் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, எத்தனை நாள் இருக்கும் என்பதைத்தான் கேட்டார்கள். மீந்த காயை அன்றைக்கு யாரும் கட்டிக்கொண்டு போகவில்லை. நாளைக்கும் இப்படியே இருக்கப்போகிறதை எதற்குச் சுமக்கவேண்டும் என்று அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

தண்டபாணிக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. பேசி முடித்துவிட்டு வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி? என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலீங்கக்கா." அவன் முகத்தில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்தது. "ஒண்ணுமே ஆகல. காத்தால எப்படி இருந்தாளோ அப்படியே இருக்கறாளாம். மூச்சு ஒரே சீரா போயிட்டிருக்குதாம். கண்ணத் தொறந்து என்னைக் கேட்டாளாமுங்க."

அவன் எழுந்து மேடைக்குப் போய், பூசணியின் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டதைத் துளசிமணி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் போனும் அடித்தது. தினகரன். வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம், அத்தை உடனே வாங்க என்றான்.

அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ அறையில் மேனகா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். வலி வந்தது, போனது, வந்தது. வந்த வலியெல்லாம் முதல் வலியின் அளவே இருந்தது, கூடவுமில்லை, குறையவுமில்லை, நெருங்கவுமில்லை. பக்கத்துக் கட்டில்களிலும் அப்படியே. ஒரு கட்டிலில் குழந்தையின் தலை தெரிந்து, தெரிந்த மட்டில் நின்றிருந்தது, அதன் தாய் கண்ணை மூடிக்கொண்டு தனக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். நர்சுகள் கட்டில் கட்டிலாகப் போய்ப் பார்த்துவிட்டு, "அப்படியேதான் இருக்குது" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

சாயங்காலம் துளசிமணி டாக்டரம்மாவின் வழியை மறித்தாள்.

"ஆப்பரேசன் பண்ணிப் போடுங்க டாக்டரம்மா. கையெழுத்து எங்க வேணுமோ போடறன்."

"பண்ணலாம்மா. ஆனா காலைல ஒருத்தர் கைய வெட்டிக்கிட்டு வந்தார். தையல் போட்டும் ரத்தம் உறையவே மாட்டேங்குது. ஆள் மாத்தி ஆள் அழுத்திப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருக்காங்க. இந்த நேரத்துல உங்க பொண்ணு மேல நான் கத்தி வைக்க மாட்டேன்."

"வேற ஊருக்குக் கொண்டு போயிடறமுங்க."

"போன் பண்ணிப் பாத்துட்டோம். உங்க சந்தையில காய் ஏத்திட்டுப் போன வண்டி எந்த ஊருக்கெல்லாம் போச்சோ, அங்கெல்லாம் இதே கதைதான்." டாக்டரம்மா குரலைத் தணித்தார். "குழந்தைக்கு உயிர் இருக்கு. துடிப்பு கேக்குது. இப்போதைக்கு அதுதான் சொல்லமுடியும்."

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், மழை வந்தால் துணியை உள்ளே எடுப்பதுபோல் எடுத்துக்கொண்டது. சனிக்கிழமை அரைத்த மாவு ஞாயிற்றுக்கிழமை காலையில் பொங்காமல் வழித்த மட்டத்திலேயே கிடந்தது, வீடுகளில் இட்லியை விட்டுவிட்டு உப்புமா கிண்டினார்கள். ஊற்றிய உறை உறையாமல் பால் பாலாகவே இருந்தது, மோருக்குப் பதில் பாலைக் குடித்தார்கள். அடைக்கு வைத்த முட்டைகளின்மேல் கோழி எழாமல் உட்கார்ந்திருந்தது. காய்ச்சல்காரர்களுக்குக் காய்ச்சல் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. முந்தின நாள் சண்டை போட்டுக்கொண்ட புருசன் பெண்டாட்டிக்குக் கோபம் அப்படியே இருந்தது, தணியாமல், ஆனால் வளரவும் வளராமல், அதோடேயே அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பழகிக்கொள்ள முடியாதது என்று அதில் எதுவுமே இருக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சத்தத்தையும், ஜன்னலைச் சாத்தினால் கேட்காது என்று, சாத்திக்கொண்டு பழகினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மேனகா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். குரல் போய்விட்டிருந்தது.

"வலிய நான் பொறுத்துக்குவம்மா. ஆனா உள்ள அது அசையறத நிறுத்திருச்சு. இருக்குது, கல்லு மாதிரி இருக்குது. என்னைப் பாத்துட்டே இருக்கற மாதிரி இருக்குதும்மா. பயமா இருக்குது."

துளசிமணி மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள். பிறகு தினகரனைக் கட்டிலருகே உட்காரவைத்துவிட்டுச் சந்தைக்கு நடந்தாள்.

சந்தைவாசலில் திருவிழாக் கூட்டம். மேடைக்குத் தென்னங்கீற்றில் பந்தல் போட்டாகிவிட்டது. வெளியூர் லாரிகள் சரக்கோடு வரிசை கட்டி நின்றன. தங்கள் காய் அந்தப் பூசணியின் பக்கத்தில் சற்று நேரம் நின்றால் போதும் என்று வந்தவர்கள். கடைகளில் நேற்றைய கீரை இன்றைய கீரையோடு கலந்து கிடந்தது, எது எந்த நாளுடையது என்று அறுத்தவளாலேயே சொல்லமுடியவில்லை. பூசணிக்குப் பக்கத்தில், மேடைமேலேயே, தண்டபாணி உட்கார்ந்திருந்தான். யாரும் அவனைக் காவல் வைக்கவில்லை. அவனாகவே முந்தின சாயங்காலத்திலிருந்து அங்கே இருந்தான்.

துளசிமணி ஆபீசரிடம் போனாள். "சார், அதை எடுத்து ஒடைச்சுப் போடச் சொல்லுங்க. என்ற புள்ள நேத்துலிருந்து துடிச்சுட்டுக் கெடக்கறா."

ஆபீசர் நல்ல மனுசர்தான், அவர் கண் கலங்கியது. "மேலிடத்துக்குச் சொல்லியிருக்கேன்மா. திங்கக்கிழமை ஆள் வந்து பார்ப்பாங்க. அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது. ஒருத்தரும் கடுமையாகப் பேசவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. எத்தனையோ வருசமாக அவளிடம் கீரை வாங்குகிறவர்கள், அவளோடு பஸ்ஸில் வருகிறவர்கள், தோளைத் தொட்டுத் தொட்டு அன்பாகப் பேசினார்கள். மேனகாவுக்கு ஒன்றும் ஆகாதுங்கக்கா, ஒன்றும் ஆகாமல் இருக்கிறதுதானே இப்போது நடக்கிறது என்றார்கள். வலி கூடவில்லையே என்றார்கள். எங்கள் வாழ்நாளில் இப்போதுதான் வெயிலைப் பார்த்து ஓடாமல் நிற்கிறோம், இன்னும் சித்த நாள் பார்க்கலாமுங்கக்கா என்றார்கள். ஒருத்தி அவளுக்குக் காபி வாங்கிக்கொடுத்தாள். குடித்தாள். நேற்றுக் காய்ச்சிய பால், நேற்றுப்போலவே இருந்தது.

மேடைமேல் இருந்த தண்டபாணி அவள் பக்கம் திரும்பவேயில்லை. அவள் அவனிடம் பேசாமல் அவன் வீட்டுக்குப் போனாள்.

வசந்தாமணி கூடத்தில் கயிற்றுக்கட்டிலில் கிடந்தாள். சொல்லிவிட்டதற்கு வந்திருந்த உறவுக்காரர்கள் வாசலில் சீட்டு ஆடிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார்கள். எதற்கு வந்தோமோ அது நடக்காததால் போகவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. துளசிமணியைப் பார்த்ததும் வசந்தாமணி சிரித்தாள். முகத்தில் எலும்புக்குமேல் தோல் மட்டும் இருந்தது, அந்தத் தோலில் ஒரு சிரிப்பு.

"வாங்கக்கா. உக்காருங்க."

"வலிக்குதா சாமி?"

"வலிக்குதுங்க. எலும்புக்குள்ள புகுந்து உக்காந்துட்டு இருக்குது. ஆனா போனவாரமெல்லாம் நாளுக்கு நாள் ஏறிட்டே போச்சுங்களா, இப்ப ஏறல. ஏறாத வலிய இருக்கட்டும்னு வெச்சுக்கலாமுங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நேத்து மத்தியானம் வந்தவரு எனக்குத் தலை சீவி விட்டாருங்கக்கா. கல்யாணமாகி இத்தன வருசத்துல ஒருநாள் சீவி விட்டதில்ல. கோணலா வகிடு எடுத்துட்டாரு. இன்னைக்கும் வந்து சீவறன்னு சொல்லிட்டுப் போயிருக்கறாரு."

துளசிமணி அந்தக் கோணல் வகிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேனகாவுக்கு என்ன கொழந்தைங்கக்கா?"

"இன்னும் பொறக்கல."

"நேத்தே வலி வந்துருச்சுன்னாங்களே."

"ம்."

வசந்தாமணியின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்று, பிறகு மெல்லப் போனது. வெளியே யாரோ சீட்டுக்கட்டைக் கலைத்துப்போடும் சத்தம். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க எதுக்கு வந்தீங்கன்னு தெரிஞ்சுபோச்சுங்கக்கா. எங்கிட்டக் கேக்காதீங்க. கேட்டீங்கன்னா நான் வேண்டாம்னுதான் சொல்லுவன். நல்லவளாட்டம் பொய் சொல்ல எனக்கு இப்பத் தெம்பு இல்லீங்க. எனக்குப் போறதுக்கு மனசே இல்ல."

துளசிமணி கேட்கவில்லை. கட்டிலிலிருந்து தொங்கிய போர்வையை எடுத்து அவள் பாதத்தை மூடினாள், அந்தப் பாதம் சூடாக இருந்தது. சற்றுநேரம் அதன்மேல் கையை வைத்திருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

அவள் திரும்பிச் சந்தைக்குள் வந்தபோது உச்சி வெயில். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. எதற்கு வருகிறாள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாராவது தடுப்பார்கள் என்று ஒவ்வொருவரும் பக்கத்திலிருந்தவர் முகத்தைப் பார்த்தார்கள். அவள் மேடையேறி, மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே போட்டாள்.

"ஊட்டுக்குப் போயிட்டா வரீங்க?" என்றான் தண்டபாணி.

"ஆமா."

"என்ன சொன்னா?"

பந்தலின் கீற்று காற்றில் உரசியது. போகட்டும்னு சொன்னாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் எழுந்து வழிவிட்டிருப்பான், அது அவளுக்கும் தெரியும்.

"இருக்கோணும்னு சொன்னா தம்பி."

தண்டபாணி தலையை ஆட்டினான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "அப்பறம் எதுக்குங்கக்கா? இவத்திக்கு எதுக்குங்க வந்தீங்க?"

"என்ற புள்ள கெடக்கறாடா."

"என்ற பொண்டாட்டி இருக்கறாளே அக்கா."

"தெரியும்."

அவள் பூசணியின் ஒரு பக்கத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அவன் மறுபக்கத்தில் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டான். இருவரின் நெற்றியும் அதன்மேல் பதிந்து சாம்பல் அப்பிக்கொண்டது. அது உள்ளுக்குள் குளிர்ந்திருந்தது, எங்கோ ஆழமான கிணற்றில் கிடந்ததைப்போல. ஒருவர் மூச்சு ஒருவர்மேல் படும் தூரத்தில், பல வருசம் பக்கத்துப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து, ஒரே தூக்குப்போசியில் பழைய சோறு பகிர்ந்து சாப்பிட்ட இரண்டு பேர், அதை நடுவில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் மல்லுக்கட்டினார்கள். பிறகு அது விழுந்தது. தண்டபாணியின் கை சாம்பலில் வழுக்கியதா, அவனாகவே எடுத்துக்கொண்டானா என்று யாரும் கேட்கவில்லை, அவனும் என்றைக்கும் சொல்லவில்லை.

உடைந்த சத்தம் பெரிதாக இல்லை. சதை வெள்ளைவெளேர் என்று, வாசனையே இல்லாமல் சிதறியது. நடுவிலிருந்து விதைகள், பால்பற்களைப்போல, சிமெண்டுத் தரையெங்கும் ஓடின. ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வாசலில் பூக்கூடையில் அத்தனை மொட்டும் ஒரே சமயத்தில் விரிந்து, மணம் வெடித்து, அந்த மணம் மூக்கை எட்டுவதற்குள் பூக்கள் பழுத்துக் கருகின. கீரைக்கட்டுகள் மூச்சு விட்டதுபோல் படுத்தன. தண்டபாணியின் தக்காளிகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து, கருத்து, பெட்டியின் ஓரங்களில் தண்ணீராக ஒழுகின. லாரிகளுக்கடியிலிருந்து கருஞ்சாறு ரோட்டில் ஓடத் தொடங்கியது. வீடுகளில் மாவு பாத்திரத்தை மீறிப் பொங்கி அடுப்படியில் வழிந்தது, பால் கட்டியாகி நாறியது. இரண்டு நாளாக அடக்கிவைத்த கோபத்தில் தெருவுக்குத் தெரு யாரோ யாரையோ அறைந்தார்கள்.

துளசிமணி ஓடினாள். ஓடும்போது திரும்பிப் பார்த்தாள், சந்தையில் இருந்த அத்தனை பேரும் தரையில் குனிந்திருந்தார்கள். அழுகிய காயை அள்ளுகிறார்கள் என்றுதான் நினைத்தாள். தெருமுனையில் அவளை எட்டியது முதலில் தண்டபாணி வீட்டுப் பக்கமிருந்து கிளம்பிய ஒப்பாரி. ஆஸ்பத்திரிப் படியேறும்போதுதான் மற்றது கேட்டது. ஒரு குழந்தையின் அழுகையல்ல, பல குழந்தைகளின் அழுகை, ஒன்றையொன்று முந்திக்கொண்டு.

மேனகாவுக்குப் பெண் குழந்தை. குறையொன்றுமில்லை. அதன் கை கால்களைத் துளசிமணி மடக்கி நீட்டிப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நெற்றியில் சாம்பலைக்கூடத் துடைக்காமல் சாவு வீட்டுக்குப் போனாள். பெண்கள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். வசந்தாமணியின் தலையில் அந்தக் கோணல் வகிடு அப்படியே இருந்தது. தண்டபாணி துளசிமணியைப் பார்த்தான், போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமைக்குள் ஆபீசர் பிளீச்சிங் பவுடர் போட்டு மேடையைக் கழுவிவிட்டார். கரும்பலகையில் விலை எழுதினார்கள், கீரை மதியத்துக்குள் வாடியது, துளசிமணி சொம்பிலிருந்து தெளித்துக்கொண்டேயிருந்தாள். யாரும் அவளிடம் கோபித்துக்கொள்ளவில்லை. அதைப்பற்றிப் பேசவும் இல்லை. தண்டபாணி மட்டும் தன் கடையைச் சந்தையின் மறுகோடிக்கு மாற்றி வாங்கிக்கொண்டான்.

மழைக்காலம் வந்தபோது கரட்டுவலசில் கொடிகள் ஏறின. மதில்மேல், கூரைமேல், மொட்டைமாடியில் பெயிண்ட் வாளியில், ஆபீசர் வீட்டுக் கார் செட்டின்மேல், டாக்டரம்மா குவார்ட்டர்ஸின் பின்பக்கம், எங்கும் அகன்ற சொரசொர இலைகளோடு ஒரே கொடி. அன்றைக்குக் குனிந்தவர்கள் எதை எடுத்தார்கள் என்று துளசிமணிக்கு அப்போதுதான் புரிந்தது. யாரும் யாரிடமும் இது என்ன கொடி என்று கேட்கவில்லை. பூவிட்டால் பறிக்கவில்லை, காய்த்தால் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. படுக்கையில் தகப்பன் கிடக்கிற வீட்டில் அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றினார்கள். பட்டாளத்துக்குப் போகிற மகன் கிளம்பும் நாள் நெருங்குகிற வீட்டில் அதற்கு எரு வைத்தார்கள். எந்த வீட்டுக் காய் முதலில் வெளுக்கப்போகிறதோ என்று ஒவ்வொருவரும் அடுத்தவர் மதிலைக் கடக்கும்போது ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். வளைகாப்பு முடிந்த பெண்களைத் தாய்வீட்டில் வைத்துக்கொள்ளாமல் எங்கோ தூரத்து ஊர்களில் இருக்கிற சொந்தக்காரர் வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஏன் என்று அந்தப் பெண்களும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலையில் தண்டபாணி துளசிமணி வீட்டுக்கு வந்தான். கையில் குழந்தைக்கு ஒரு சட்டை. மேனகா குழந்தையைத் தூக்கிவந்து அவன் மடியில் வைத்தாள், அது அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. கொஞ்சநேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு கை கழுவ வீட்டுக்குப் பின்னால் பொடக்காணிப் பக்கம் போனவன் அங்கேயே நின்றுவிட்டான். துளசிமணி பின்னால் போனாள்.

கல்தொட்டிக்குப் பக்கத்தில், கீரைப்பாத்தியை ஒட்டி, மூங்கில் நட்டுக் கட்டிய சின்னப் பந்தலில் கொடி ஏறியிருந்தது.

"அன்னைக்குக் கட்டியிருந்த சீலைய அலசறப்ப, மடிப்புல ஒரு வெதை ஒட்டியிருந்துச்சு" என்றாள் துளசிமணி. "தூரத்தான் போட்டன். போன மாசம் கொழந்தைக்குக் காச்சல் வந்து கண்ணு சொருகிருச்சு. அன்னைக்குத் தேடி எடுத்து ஊனிட்டன்."

தண்டபாணி தலையை ஆட்டினான். அவளைக் குத்தம் சொல்கிற முகமில்லை அது.

"எங்க ஊட்லயும் மொளைச்சுதுங்கக்கா. என்ற வேட்டியில ஒட்டிட்டு வந்திருக்கும்போல. வாசல்லயே மொளைச்சு நிமுந்து நின்னுச்சு. நான் புடுங்கிப் போட்டுட்டன்." குழாயைத் திறந்து கையைக் கழுவினான், வெகுநேரம் கழுவினான். "இனி நான் யார நிறுத்தி வெக்கறதுக்குங்க அது?"

அவன் சொல்லிக்கொண்டு கிளம்பினான். மொபெட் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

துளசிமணி கொடியருகே உட்கார்ந்தாள். வேரோடு பிடித்துத் தூக்கினால் வந்துவிடும், மழையில் மண் இளகியிருந்தது. அடித்தண்டைக் கையில் பிடித்தாள். பிடித்துக்கொண்டு இலைகளை விலக்கியபோது, நிழலில் ஒரு பிஞ்சு தொங்கியது, இன்னும் சாம்பல் பூக்காமல், பச்சையாக, மேலெல்லாம் பூனைமயிரோடு. அதன் பாரத்துக்குக் காம்பு இழுபட்டுக் கிடந்தது, இன்னொரு மழைக்குத் தாங்காது.

அவள் தண்டை விட்டுவிட்டு, துணிக்கொடியில் காய்ந்த பழைய சேலைத்துண்டு ஒன்றை எடுத்துவந்து, பிஞ்சுக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் மூங்கிலில் கட்டித் தூளியாக்கினாள். வீட்டுக்குள் குழந்தை விழித்து அழுதது. துளசிமணி முடிச்சை இன்னொருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.